ஒரே வீட்டில் மூவருக்குக் கரப்பான்: ஒரே களிம்பு மூவருக்கும் பொருந்துமா?

செங்காந்தள் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் மூன்று பேருக்குத் தோலில் தொந்தரவு இருக்கிறது. என் மகளுக்கு நான்கு வயது. கைக்குழந்தையாக இருந்தபோது கன்னங்களில் சிவந்து நீர் கசிந்த கரப்பான், இப்போது முழங்கை மடிப்பிலும் முழங்காலின் பின்மடிப்பிலும் வறண்டு தடித்து நிற்கிறது. இரவெல்லாம் சொறிவதால் காலையில் படுக்கை விரிப்பில் இரத்தக்கறை தெரிகிறது. கொத்தனார் வேலை செய்யும் என் தம்பிக்கு இரு கைகளின் புறப்பகுதியிலும் விரல்களிலும் தோல் தடித்து வெடித்திருக்கிறது. வேலையில்லாத நாட்களில் சற்றே குறைந்து, வேலைக்குப் போன இரண்டொரு நாளில் மறுபடியும் கிளம்புகிறது. என் மாமனாருக்கு இடது கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்து, செதில் உதிர்ந்து, ஓயாமல் அரிக்கிறது. அவருக்கு அந்தக் காலில் நரம்பு சுருண்டு புடைத்திருப்பது பல ஆண்டுகளாக உண்டு.

இது பரம்பரைக் கரப்பான் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். மருந்துக் கடையில் மூவருக்கும் ஒரே டியூபைக் கொடுத்தார்கள். அதன் மேல் கிளோபீட்டசால், நியோமைசின், மைக்கோனசோல் என்று மூன்று பெயர்கள் அச்சிடப்பட்டுள்ளன. தடவினால் இரண்டு நாளில் அடங்குகிறது. நிறுத்தினால் முன்பைவிடக் கடுமையாக வருகிறது. மூவருக்கும் இருப்பது ஒரே நோயா, ஒரே மருந்து போதுமா என்பதை விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மருதநிலம் எழுதியது:

சகோதரி, நான் ஓர் அரசு மருத்துவமனையில் தோல் மருத்துவராகப் பணியாற்றுகிறேன். நேரில் பார்க்காமல் நோயை உறுதி செய்ய இயலாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் நீங்கள் எழுதியிருப்பதைப் படிக்கையில் மூவருக்கும் இருப்பது எக்ஸிமாவின், அதாவது நீங்கள் கரப்பான் என்று சொல்லும் தோல் அழற்சியின், மூன்று வெவ்வேறு வகைகளாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். மூன்றுக்கும் காரணம் வேறு, ஆகவே மருத்துவமும் வேறு. அரிப்பை அடக்குவது மட்டுமே மூன்றிலும் பொதுவான பகுதி. அந்தப் பகுதியை மட்டுமே உங்கள் டியூப் செய்கிறது, அதையும் தவறான வலிமையில் செய்கிறது.

மகளுக்கு இருப்பது அடோபிக் எக்ஸிமா எனப்படும் வகையைப் போலத் தெரிகிறது. கைக்குழந்தைப் பருவத்தில் கன்னங்களில் தொடங்கி, வளர வளர மடிப்புகளுக்கு இடம்பெயர்வது அதன் இயல்பு. வீட்டில் யாருக்கேனும் ஆஸ்துமாவோ, காலையில் எழுந்ததும் அடுக்குத் தும்மலோ இருக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள். இந்த வகையில்தான் பரம்பரைக்கு உண்மையான பங்கு உண்டு. தோலின் மேலடுக்கை நீர் புகாமலும் நீர் வெளியேறாமலும் காப்பதற்குப் பிலாக்ரின் என்ற புரதம் தேவைப்படுகிறது. அதை உருவாக்கும் மரபணுவில் உள்ள குறைகள் இந்நோய்க்கு வழிவகுக்கின்றன என்பதை ஸ்காட்லாந்தின் டண்டி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு 2006-இல் காட்டியது. இந்நோய் உள்ள எல்லோருக்கும் அந்தக் குறை இருப்பதில்லை. ஆனால், தோலின் காப்புத்தன்மை குறைவது இந்நோயின் மையப் பகுதி என்பது அதன் பிறகு தெளிவாயிற்று. வறண்டு, காப்பு இழந்த தோலின் வழியே தூசும் சோப்பும் கிருமிகளும் உள்ளே சென்று அழற்சியைத் தூண்டுகின்றன. அழற்சி அரிப்பைத் தூண்டுகிறது. சொறிவதால் காப்பு இன்னும் சிதைகிறது.

தம்பிக்கு இருப்பது தொடுபொருளால் வரும் எக்ஸிமாவாக இருக்கலாம். இதிலும் இரண்டு உண்டு. ஈரச் சிமெண்ட் கடுமையான காரத்தன்மை உடையது. அது யாருடைய தோலையும் நாளடைவில் அரித்துவிடும். இது எரிச்சலால் வருவது. மற்றொன்று ஒவ்வாமையால் வருவது: சிமெண்டில் மிகச் சிறிய அளவில் கலந்துள்ள குரோமியம் உப்புக்குச் சிலருடைய உடல் பழகி, அதைப் பகையாக அடையாளம் கண்டுகொள்கிறது. அதற்குப் பிறகு மிகக் குறைந்த அளவு பட்டாலும் தோல் கிளர்ந்தெழும். இவ்விரண்டையும் கண்ணால் பார்த்துப் பிரிப்பது கடினம். சந்தேகத்துக்குரிய பொருட்களைச் சிறு பட்டைகளில் வைத்து முதுகில் ஒட்டிப் பார்க்கும் பேட்ச் டெஸ்ட் என்னும் சோதனை தேவை.

மாமனாருக்கு இருப்பது தோல் நோயாகத் தோன்றினாலும் அதன் வேர் இரத்த ஓட்டத்தில் இருக்கிறது. காலில் உள்ள சிரைகளின் அடைப்பிதழ்கள் பழுதானால் இரத்தம் மேலேறாமல் தேங்கும். அழுத்தம் கூடி இரத்த அணுக்கள் தோலுக்குள் கசிந்து, அவற்றின் இரும்புச்சத்து படிந்து தோல் கறுக்கும். அதனோடு வருவது சிரைத்தேக்க எக்ஸிமா. களிம்பை மட்டும் ஆண்டுக்கணக்கில் தடவினாலும் இது ஆறாது. சிரைகளை டாப்ளர் ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். அமரும்போது காலை உயர்த்தி வைக்க வேண்டும். கால் தமனிகளில் அடைப்பு இல்லை என்று உறுதி செய்தபின், மருத்துவர் சொல்லும் அளவில் அழுத்தக் காலுறை அணிய வேண்டும். அதுவரை அந்த டியூபை அவருடைய காலில் தடவாதீர்கள். தேக்கமுள்ள காலில் நியோமைசினைத் தொடர்ந்து பூசுகிறவர்களுக்கு அந்த மருந்தே ஒவ்வாமையை உண்டாக்கிப் புதிய எக்ஸிமாவைச் சேர்ப்பதை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம்.

கடைவீதி எழுதியது:

நான் மருந்தாளுநர். மேலே சகோதரி சொன்ன மூன்று மருந்துக் கலவையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கிளோபீட்டசால் என்பது தோலில் பூசும் ஸ்டீராய்டுகளிலேயே மிக வலிமையான பிரிவைச் சேர்ந்தது. நியோமைசின் பாக்டீரியாவுக்கும் மைக்கோனசோல் பூஞ்சைக்கும் ஆனவை. என்ன நோய் என்று தெரியாதபோது எதற்காவது உதவட்டும் என்ற எண்ணத்தில் இதை வாங்குகிறார்கள், விற்கிறார்கள். 2018-இல் நடுவண் அரசு பல ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. இருந்தும் பழைய டியூபின் அட்டையைக் காட்டிக் கேட்பவர்கள் குறையவில்லை. கேட்டவுடன் எடுத்துத் தருபவர்களும் குறையவில்லை.

இந்தக் கலவையால் பெருகிய இன்னொரு துன்பம் படர்தாமரை. வட்டமாக, ஓரம் மட்டும் சிவந்து உயர்ந்து பரவும் பூஞ்சைத் தொற்றின் மேல் ஸ்டீராய்டைப் பூசினால் சிவப்பும் அரிப்பும் அடங்கும். ஆனால் பூஞ்சை அடியில் வளர்ந்து, வட்ட வடிவமே மறைந்து, கரப்பான் போன்ற தோற்றம் கொள்ளும். பிறகு மருத்துவருக்கே அடையாளம் காண்பது கடினமாகிவிடுகிறது.

மருதநிலம் எழுதியது:

கடைவீதி நண்பர் சொன்னது முழுக்க உண்மை. அதனால்தான் கரப்பான் என்று நினைத்து வருபவர்களிடம் நாங்கள் முதலில் வேறு இரண்டு நோய்களைத் தேடுகிறோம். செதிலைச் சுரண்டி நுண்ணோக்கியில் வைத்தால் படர்தாமரை அன்றே தெரிந்துவிடும். ஒரு கையில் மட்டும் செதில் இருந்தால் இந்தச் சோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். அடுத்தது சிரங்கு: வீட்டில் பலருக்கும் ஒரே சமயத்தில் இரவில் அரித்து, விரலிடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றிக் கொப்புளங்கள் இருந்தால் அது சிற்றுண்ணியால் வருவது. அதற்கு வீட்டில் உள்ள அனைவரும் ஒரே இரவில் அந்த உண்ணியைக் கொல்லும் பெர்மெத்ரின் மருந்தைப் பூச வேண்டும், அரிப்பில்லாதவர்களும் விதிவிலக்கல்ல. செங்காந்தள் வீட்டில் மூவர் என்றதும் எனக்கு முதலில் எழுந்த ஐயம் இதுதான். மூவருக்கும் இடமும் காலமும் இவ்வளவு வேறுபட்டிருப்பதால் வாய்ப்புக் குறைவு என்று கருதுகிறேன்.

வடகரை எழுதியது:

என் மகனுக்கும் இதே மடிப்புக் கரப்பான் உண்டு. ஸ்டீராய்டு தடவினால் தோல் மெலிந்து போகும், வளர்ச்சி குன்றும் என்று கேள்விப்பட்டு நாங்கள் அதைத் தொடுவதே இல்லை. என் மாமியார் கத்தரிக்காய், கருவாடு, முட்டை, நிலக்கடலை அனைத்தையும் நிறுத்திவிட்டார். ஆயினும் குழந்தைக்குக் குறைந்தபாடில்லை, எடையும் ஏறவில்லை. நாங்கள் செய்வது சரிதானா, டாக்டர்?

மருதநிலம் எழுதியது:

அம்மா, என் புறநோயாளர் பிரிவில் இருவிதமான துன்பத்தையும் ஒரே நாளில் பார்க்கிறேன். வலிமை மிகுந்த ஸ்டீராய்டைக் குழந்தையின் மடிப்பில் மாதக்கணக்கில் பூசி, தோல் மெலிந்து, கோடு கோடாக வரி விழுந்து வருகிறவர்கள் ஒரு பக்கம். அதைக் கேட்டு அஞ்சி, எந்த மருந்தும் பூசாமல் குழந்தையை உறக்கமின்றி வாட விடுகிறவர்கள் மறுபக்கம். ஸ்டீராய்டு என்ற ஒரே பெயருக்குள் மென்மையான ஹைட்ரோகார்ட்டிசோனும் இருக்கிறது, நடுத்தரமானவையும் உள்ளன, கிளோபீட்டசாலும் இருக்கிறது. முகத்துக்கு எது, மடிப்புக்கு எது, தடித்துப்போன உள்ளங்கைக்கு எது என்று தேர்ந்தெடுப்பதில்தான் பாதுகாப்பு இருக்கிறது. குழந்தையின் மடிப்புக்கு மென்மையான அல்லது நடுத்தர வகையை நாளுக்கு ஒரு முறை, அழற்சி முழுமையாக அடங்கும் வரை, மருத்துவர் குறித்த நாட்களுக்குப் பூசுவதால் நீங்கள் அஞ்சும் தீங்குகள் வருவது அரிது. பாதி ஆறியவுடன் நிறுத்துவதுதான் திரும்பத் திரும்ப வருவதற்கு ஒரு முக்கியக் காரணம்.

எவ்வளவு பூசுவது என்பதற்கு ஓர் எளிய அளவு உண்டு. பெரியவரின் ஆட்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை டியூபைப் பிதுக்கினால் ஏறத்தாழ அரை கிராம் வரும். அது பெரியவரின் இரண்டு உள்ளங்கை பரப்புக்கு, விரல்களையும் சேர்த்து, போதுமானது. நான்கு வயதுக் குழந்தையின் ஒரு கை முழுவதும் பாதிக்கப்பட்டிருந்தால் இப்படி இரண்டு அளவு தேவைப்படும். பயத்தால் பயறு அளவு எடுத்துத் தேய்ப்பவர்களுக்கு மருந்து வேலை செய்வதில்லை. அப்போது மருந்து சரியில்லை என்று இன்னும் வலிமையானதைத் தேடுகிறார்கள்.

அடிக்கடி திரும்பும் இடங்களில், அடங்கிய பிறகும் வாரத்துக்கு இரண்டு நாள் பூசி வரும் முறை உண்டு. முகம், இமை, மடிப்பு போன்ற மெல்லிய இடங்களுக்கு ஸ்டீராய்டு அல்லாத டாக்ரோலிமஸ் களிம்பும் இருக்கிறது. இரண்டு வயது முதல் பதினைந்து வயது வரை 0.03 விழுக்காடு அளவில் தருகிறோம். முதல் சில நாட்கள் எரிச்சல் இருக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் பெற்றோர் மறுநாளே நிறுத்திவிடுகிறார்கள்.

ஆனால் இவை அனைத்துக்கும் அடித்தளம் ஈரப்பதம் காக்கும் களிம்புதான். நுரை மிகுந்த சோப்பை விலக்கி, வெதுவெதுப்பான நீரில் சிறிது நேரமே குளிப்பாட்டி, பீர்க்கங்காய் நாரோ பயத்தமாவோ போட்டுத் தேய்க்காமல், துண்டால் ஒற்றி எடுத்தவுடன், ஈரம் காயுமுன் உடல் முழுவதும் பூச வேண்டும். தோல் நன்றாக இருக்கும் நாட்களிலும் பூச வேண்டும். குழந்தைக்கு வாரம் 250 முதல் 500 கிராம் வரை செலவாகலாம் என்று பிரிட்டனின் வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. மாதம் முழுவதற்கும் ஒரு சிறிய டியூபை வைத்துக்கொண்டிருப்பவர்கள் இதைக் கேட்டு வியப்படைகிறார்கள். விலை உயர்ந்தது வேண்டாம். மணமில்லாத வெள்ளை வாசலின் போதும். வியர்வை மிகுந்த சித்திரை, வைகாசியில் அது பிசுபிசுத்தால் இலகுவான கிரீமுக்கு மாறிக்கொள்ளலாம். இத்தகைய களிம்பு ஊறிய துணியில் தீ எளிதில் பற்றும் என்பதால் அடுப்பு, விளக்கு அருகே எச்சரிக்கை தேவை.

உணவைப் பற்றி நான் சற்று வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஒரு குறிப்பிட்ட உணவைத் தின்ற சிறிது நேரத்தில் தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி வருவதைக் கண்டிருந்தால் ஒழிய, ஊகத்தின் பேரில் உணவுகளை நிறுத்தாதீர்கள். லண்டனில் நடந்து 2015-இல் வெளியான லீப் என்னும் ஆய்வில், கடும் எக்ஸிமாவோ முட்டை ஒவ்வாமையோ இருந்த கைக்குழந்தைகளுக்கு நிலக்கடலையை முன்கூட்டியே உணவில் சேர்த்தபோது, பிற்காலத்தில் நிலக்கடலை ஒவ்வாமை வருவது ஏறத்தாழ 80 விழுக்காடு குறைந்தது. விலக்கி வைத்த குழந்தைகளுக்கே ஒவ்வாமை அதிகம் வந்தது. நீங்கள் குழந்தைக்கு நிறுத்தியிருப்பது அவனுடைய புரதத்தை. நீண்ட நாள் நிறுத்திய உணவை, அதிலும் முட்டை, கடலையை, மீண்டும் தொடங்குவதை மட்டும் குழந்தை மருத்துவரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

பனைநிழல் எழுதியது:

தேங்காய் எண்ணெயும் அருகம்புல் தைலமும் நம் வீடுகளில் தலைமுறைகளாகப் பயன்படுபவை. அவற்றை மருத்துவர்கள் ஏன் சொல்வதில்லை என்பது என் நெடுநாள் வருத்தம். குறைந்த செலவில் கிடைப்பவற்றை முதலில் பயன்படுத்தக் கூடாதா?

மருதநிலம் எழுதியது:

தேங்காய் எண்ணெயைப் பற்றி நல்ல சான்று இருக்கிறது, ஐயா. பிலிப்பைன்ஸில் அடோபிக் எக்ஸிமா உள்ள குழந்தைகளிடம் எட்டு வாரங்கள் நடத்தி 2014-இல் வெளியிட்ட ஆய்வில், சுத்தமான தேங்காய் எண்ணெய் கனிம எண்ணெயைவிட நன்றாகச் செயல்பட்டது. இலேசான வறட்சிக்கு அதைத் தாராளமாகப் பூசலாம், நானே சொல்வதுண்டு. சிவந்து கசியும் நிலையில் அது மட்டும் போதாது. ஆலிவ் எண்ணெயைக் குழந்தைகளுக்குத் தேய்ப்பதை நான் தடுப்பேன். அது தோலின் காப்பைக் குலைப்பதாகச் சோதனைகளில் தெரிந்துள்ளது. அருகம்புல் தைலத்தைத் தகுதி பெற்ற சித்த மருத்துவரிடம் கேட்டுப் பயன்படுத்துவதில் எனக்கு மாறுபாடில்லை. நான் அஞ்சுவது, பெயர் தெரியாத டப்பாவில் வந்து இரண்டே நாளில் அதிசயமாகக் குணம் தரும் மூலிகைக் களிம்புகளை. பிரிட்டனில் அப்படி விற்கப்பட்டவற்றை ஆய்வகத்தில் சோதித்தபோது பலவற்றில் கிளோபீட்டசால் போன்ற ஸ்டீராய்டு கலந்திருந்தது தெரியவந்தது.

நெய்தல் எழுதியது:

எனக்குச் சிறுவயதில் தொடங்கிய அடோபிக் எக்ஸிமா நாற்பது வயதிலும் விடவில்லை. களிம்புகளுக்கு அடங்காத நிலையில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன். எனக்கு முதலில் ஒளிச்சிகிச்சை தந்தார்கள். குறுகிய அலைவரிசைப் புறஊதாக் கதிரை வாரத்துக்குச் சில முறை உடலில் பாய்ச்சுவது அது. பயன் தந்தது, ஆனால் ஒவ்வொரு முறையும் வேலையை விட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டியிருந்தது. பிறகு உடலின் எதிர்ப்பாற்றலை அடக்கும் சைக்ளோஸ்போரின் தந்து, இரத்த அழுத்தத்தையும் சிறுநீரகத்தையும் தொடர்ந்து சோதித்தார்கள். இப்போது அதே நோக்கில் தரப்படும் மெத்தோட்ரெக்ஸேட் எடுத்துக்கொள்கிறேன். 2017-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற டுபிலுமாப் ஊசியும், அதற்குப் பின் வந்த, அழற்சிக்கான சமிக்ஞையைத் தடுக்கும் ஜேக் தடுப்பு மாத்திரைகளும் கடுமையான நோயுள்ளவர்களின் வாழ்க்கையை மாற்றியிருக்கின்றன. ஆனால் அந்த ஊசியின் விலை எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு இன்னும் எட்டவில்லை. யாரேனும் ஸ்டீராய்டு மாத்திரையைச் சொந்தமாக வாங்கி விழுங்கிக்கொண்டிருந்தால் உடனே மருத்துவரைப் பாருங்கள். விழுங்கும்வரை உடல் பளிங்குபோல் இருக்கும். நிறுத்தியதும் உடல் முழுவதும் பற்றிக்கொள்ளும். நீண்ட நாள் எடுத்திருந்தால் திடீரென நிறுத்துவதும் ஆபத்து.

மருதநிலம் எழுதியது:

நெய்தல் அவர்களின் எச்சரிக்கையோடு இன்னொன்றையும் சேர்க்கிறேன். அடோபிக் எக்ஸிமா உள்ள குழந்தைக்குக் காய்ச்சலோடு, ஒரே அளவிலான சிறு கொப்புளங்கள் கூட்டமாக வந்து, உடைந்து, துளையிட்டதுபோல் புண்ணானால் அது ஹெர்பிஸ் வைரஸ் பரவியதாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். வீட்டில் யாருக்கேனும் உதட்டோரம் கொப்புளம் இருந்தால் அது ஆறும்வரை அக்குழந்தையை முத்தமிடுவதைத் தவிர்க்க வேண்டும்.

கட்டுமானம் எழுதியது:

கட்டுமானத் தளங்களில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். கொத்தனார், சித்தாள் இரு தரப்பினருக்கும் இந்தக் கை வெடிப்பு சாதாரணமாக இருக்கிறது. அதைத் தொழிலோடு வருவது என்று ஏற்றுக்கொண்டு விடுகிறார்கள். கூலி போய்விடும் என்ற அச்சத்தில் மறைப்பவர்களும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2005 முதல் சிமெண்டில் கரையும் குரோமியம் பத்து லட்சத்தில் இரண்டு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று விதி செய்துள்ளார்கள்; பெர்ரஸ் சல்பேட் என்னும் இரும்பு உப்பைச் சேர்த்து அதைக் குறைக்கிறார்கள். டென்மார்க்கில் 1980-களிலேயே இதைத் தொடங்கி, தொழிலாளர்களின் கை நோய் குறைந்தது என்று பயிற்சி ஒன்றில் கேட்டேன். நம் தொழிலாளர்களுக்கும் அதே பாதுகாப்பு உரியது என்று நான் உறுதியாகக் கருதுகிறேன்.

தளத்தில் செய்யக்கூடியவை: பருத்தி, தோல் கையுறைகள் வேண்டாம், அவை ஈரத்தை உறிஞ்சிக் கலவையைத் தோலோடு ஒட்ட வைத்துவிடும். நைட்ரைல் கையுறை, உள்ளே மெல்லிய பருத்தி உறை. கலவை உள்ளே போனால் உடனே கழற்றிக் கழுவ வேண்டும். கையைக் கழுவ மண்ணெண்ணெயோ சலவைத் தூளோ பயன்படுத்துவதை நிறுத்த வேண்டும்.

தும்பை எழுதியது:

எனக்குக் கோடையில் விரல் ஓரங்களிலும் உள்ளங்கையிலும் ஜவ்வரிசி போன்ற நீர்க்கொப்புளங்கள் வந்து, கடுமையாக அரித்து, சில வாரங்களில் உரிந்து போகின்றன. இதுவும் இந்த வகையா?

மருதநிலம் எழுதியது:

ஆம், பெரும்பாலும் அது பாம்ஃபாலிக்ஸ் என்னும் கை எக்ஸிமா. வியர்வை, மன அழுத்தம், சிலருக்கு நிக்கல் ஒவ்வாமை, கால் விரலிடுக்கில் உள்ள சேற்றுப்புண் ஆகியவை அதைத் தூண்டும். ஆகவே கையைக் காட்டும்போது காலையும் காட்டுங்கள். கொப்புளங்களை ஊசியால் குத்த வேண்டாம்.

செங்காந்தள் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. மூவரையும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். மகளுக்கு மென்மையான ஸ்டீராய்டும் வாசலினும் தந்தார்கள். இப்போது இரவில் உறங்குகிறாள், மடிப்பில் தோல் மென்மையாகிவிட்டது. மாமனாருக்கு ஸ்கேன் எடுத்து, சிரைக்குச் சிகிச்சை தேவை என்று அறுவை மருத்துவத் துறைக்கு அனுப்பியிருக்கிறார்கள். தம்பிக்கு முதுகில் சிறு பட்டைகளை ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்து, அன்றும் அதற்கு இரண்டு நாள் பிறகும் பார்த்தார்கள். குரோமியம் பகுதியில் மட்டும் சிவந்து தடித்துக் கொப்புளம் எழுந்திருந்தது. கையுறை அணிகிறான், கை தேறி வருகிறது. ஆனால் பாதத்தின் மேற்புறத்திலும் இப்போது அரிப்புத் தொடங்கியிருப்பது எங்களுக்குக் கவலை தருகிறது. அதே நோய் காலுக்குப் பரவுகிறதா?

மருதநிலம் எழுதியது:

மகள் உறங்குகிறாள் என்று படித்ததில் மிகுந்த மகிழ்ச்சி. மடிப்பு மென்மையான பிறகு ஸ்டீராய்டு களிம்பை எப்படிப் படிப்படியாகக் குறைப்பது என்பதை அடுத்த முறை கேட்டுக்கொள்ளுங்கள். வாசலினை மட்டும் நிறுத்த வேண்டாம்.

தம்பியின் பாதத்துக்கு முதலில் அவர் எதை அணிகிறார் என்று பாருங்கள். காலணிக்கான தோலில் பெரும்பகுதி குரோமியம் கொண்டே பதனிடப்படுகிறது. வியர்வையில் அது கசியும். ஐரோப்பிய ஒன்றியம் 2015 முதல் தோல் பொருட்களிலும் அதற்கு வரம்பு வைத்திருப்பதற்கு இதுவே காரணம். செருப்பின் வார் படும் இடத்திலேயே அரிப்பு இருந்தால் பெரும்பாலும் அதுதான். தோல் செருப்பையும் தோலாலான பாதுகாப்புக் காலணியையும் விட்டு, பிளாஸ்டிக் அல்லது துணியாலான காலணிக்கு மாறச் சொல்லுங்கள். தளத்தில் ஈரக் கலவையில் நிற்கும்போது முழங்கால் வரை வரும் பி.வி.சி. பூட்ஸ் வேண்டும். கைக்கடிகார வாரும் இடுப்பு வாரும் தோலாக இருந்தால் அவற்றையும் மாற்ற வேண்டும்.

இன்னொன்றையும் அவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். குரோமியம் ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால் பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் இருக்கும். கொத்து வேலையை விட்ட பிறகும் சிலருக்குப் பல ஆண்டுகள் கை முழுமையாக ஆறுவதில்லை. கையுறையோடு சில மாதங்கள் பார்த்தும் வெடிப்பு நிற்காவிட்டால், கலவையைத் தொடாத வேலைக்கு, கம்பி கட்டுவதோ மின் வேலையோ மேற்பார்வையோ, மாறுவதைப் பற்றி இப்போதே அவரும் மேஸ்திரியும் பேசி வைப்பது நல்லது. சோதனை முடிவுத் தாளைப் பத்திரமாக வைத்திருங்கள். எந்தத் தோல் மருத்துவரிடம் போனாலும் அவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.